ஸ்டீம்பங்க் மந்திர நாவலைத் தமிழ் மண்ணில் வைத்து எழுத முடியுமா?

தாராளமாக. ஸ்டீம்பங்க் என்றால் நீராவி எந்திரங்கள் ஆளும் கற்பனை உலகம். அதற்கு லண்டன் புகைதான் வேண்டும் என்றில்லை, கேரளத்தில் இருந்தாலும் தமிழர்கள் உழைத்த எங்கள் மூணாறே போதும். 1902-இல் இங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் வண்டி இழுத்தன. 1908-இல் நீராவி ரயில் வந்தது. மலையுச்சியில் இருந்த டாப் ஸ்டேஷன் என்ற நிலையத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. பாதி நாவல் அங்கேயே தயார்!

கதைக்கு வேண்டிய அநீதியையும் தேட வேண்டாம். பெட்டி கம்பியில் சுகமாக இறங்கியது. அதை நிரப்பியவர்களோ, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனோடு மலையேறி, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டு அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். சரி, மந்திரம்? அதை அந்தக் கடனில் வையுங்கள். கணக்குப் புத்தகத்தில் பேர் ஏறியவரின் மூச்சில்தான் கொதிகலன் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் வேடிக்கை மந்திரம் என்றால் நான் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

அப்புறம், அந்த ரயிலை அடித்துப்போன 1924 வெள்ளத்தைக் கடைசி அத்தியாயத்துக்குப் பத்திரப்படுத்துங்கள்.