கொஞ்சம் சாப்பிட்டால் என்ன? – பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து மச்சாள் வந்து நிற்கிறா. அவவுக்கு சீலியாக் நோய், கோதுமை கூடாது. போன கிழமை எல்லோருமாக ஒரு சைவக் கடைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். "புட்டில கோதுமை மா இல்லைத்தானே?" என்று கேட்டோம். பரிமாறிய தம்பி "இல்லை, இல்லை" என்றார். அன்று இரவு முழுக்க அவவுக்கு வயிற்று நோவும் சத்தியும். பெரியம்மா வேறு, "இங்க பிறந்து புட்டும் பாணும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு இப்ப என்ன புது வருத்தம்? கொஞ்சம் சாப்பிட்டால் என்ன?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டா. இனி வெளியே சாப்பிட வரமாட்டேன் என்கிறா மச்சாள். அவ திரும்பிப் போக முன்னம் எல்லோரும் ஒருமுறையாவது சேர்ந்து சாப்பிட வேண்டும். என்ன செய்யலாம்? – கொக்குவில் வாசகி

பதில்: முதலில் பெரியம்மாவுக்கு. சீலியாக் எந்த வயதிலும் வரலாம். சின்ன வயதில் பாண் சாப்பிட்டவர் என்பதால் இப்போதும் சாப்பிடலாம் என்றில்லை. கோதுமை, பார்லி, றை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவரது உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுச் சத்து உடம்பில் ஒட்டாது, இரத்தச்சோகை வரும், எலும்பும் பலவீனப்படும். இதற்கு மருந்து என்று ஒன்றில்லை, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வழி. ஒரு வாய் புட்டும் அவருக்குக் கூடாது. சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு தன் வருத்தத்தை நிரூபிக்க வேண்டி வருவது எவ்வளவு பெரிய வேதனை என்பதைப் பெரியம்மாவுக்கு நீங்களே ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பை மச்சாளிடம் விடாதீர்கள்.

இனிக் கடை. எங்கள் ஊர் இரவுச் சாப்பாட்டில் கோதுமை மா இல்லாத பண்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பது வழமை. யாழ்ப்பாணத்துத் தோசை மாவிலும் உழுந்தோடு கோதுமை மா சேர்ப்பார்கள். இடியப்பம் சிவப்பாக இருக்கிறது என்று நம்பிவிடவும் முடியாது, கலந்து பிழிகிற கடைகள் உண்டு. கொத்துரொட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். அதே தகட்டில் சோறு பிரட்டித் தந்தாலும் ஆபத்துத்தான். சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காயம், ஃபிரைட் ரைஸுக்கு ஊற்றும் சோயா சோஸ், சோயாமீற் என்று யாரும் நினையாத இடங்களிலும் கோதுமை இருக்கும். றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளமும் அவருக்குக் கூடாது.

ஆகவே இரவுச் சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். சோறு, பருப்பு, மரக்கறிகள், தேங்காய்ப்பால் சொதி என்று அவர் சாப்பிடக்கூடியவை அப்போதுதான் நிறைய இருக்கும். முதல் நாளே, கடையில் சனம் குறைந்த பின்னேரம் மூன்று மணி போல, தொலைபேசியில் சமையல்காரரிடமே கதையுங்கள். "கோதுமை மா இல்லைத்தானே?" என்று கேட்டால், வேலை அவசரத்தில் யாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "பருப்புக்கு என்னென்ன போடுவீங்கள்? பெருங்காயம் எந்தப் பெட்டி? அப்பளம் எந்த எண்ணெயில பொரிப்பீங்கள்?" என்று கேளுங்கள். குளூட்டன் என்று சொல்வதை விட கோதுமை மா, பாண், மைதா, ரவை என்று பெயர் பெயராகச் சொல்வது நல்லது. அவருக்குப் புதுக் கரண்டியால் முதலில் பரிமாறச் சொல்லுங்கள். இவ்வளவையும் நீங்கள் முன்கூட்டியே முடித்துவிட்டால், மேசையில் எல்லோரும் பார்த்திருக்க அவர் வாய் திறக்க வேண்டி வராது.

இல்லை என்று உறுதி சொல்லிவிட்டுப் போட்டுக் கொடுப்பது பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இதைத் தடுக்கிறது. அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஆனால் அந்தத் தம்பி தெரியாமல் சொல்லியிருக்கவே கூடுதல் வாய்ப்பு. முதலில் முதலாளியிடம் நேரே போய் நடந்ததைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பால் தேத்தண்ணி குடித்தால் வயிறு ஊதுகிறது. கடைச் சொதி சாப்பிடலாமா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் கிடையாது. பசுப்பாலோ பால்மாவோ கலக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். கடையில் அவருக்கு வெறும் தேத்தண்ணி சொல்லுங்கள், "பால் விடாட்டி என்ன தேத்தண்ணி" என்று பகிடி பண்ணாமல்.

கேள்வி: சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அது இருக்கா, இது இருக்கா என்று துளைக்கிறார்கள். கூட்ட நேரத்தில் எப்படிச் சமாளிப்பது? – திருநெல்வேலி கடைக்காரர்

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்கள் பற்றிய விவரத்தை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். அங்கே கேட்டுப் பழகியவர்கள் இங்கேயும் கேட்கிறார்கள். அவர்கள் உங்கள் சமையலில் குறை பிடிக்கவில்லை.

காலையில் சமையல்காரரிடம் கேட்டு, எந்தக் கறியில் கோதுமை மா, பால், கச்சான், கஜு, முட்டை, மீன், இறால், நண்டு இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக் காசு மேசையில் வையுங்கள். ஒடியல் கூழை எடுத்துப் பாருங்கள். ஒடியல் மாவில் குளூட்டன் இல்லை, ஆனால் கூழுக்குள் இருக்கும் இறாலும் நண்டும் ஒவ்வாமை உள்ள இன்னொருவருக்கு மூச்சையே அடைத்துவிடலாம். யாருக்காவது முகம் வீங்கி மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பரிமாறுகிற பெடியளுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்லுறன்" என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் அடுப்படியில் பிரித்துச் சமைக்க வசதி இல்லையென்றால், "எங்களிட்ட எல்லாம் ஒரே எண்ணெய்தான், உங்களுக்குச் சரிவராது அக்கா" என்று சொல்லி, தெரிந்த வேறு நல்ல கடையைக் காட்டிவிடுங்கள்.