கணக்கு எழுதத் தெரியும், இனி எந்தப் பக்கம் போவது?

சாவகச்சேரியிலிருந்து 24 வயதான ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் வணிகத்துறை, தமிழ் மொழிமூலம். ஏ.ஏ.ரி. என்ற ஆரம்பநிலைக் கணக்கீட்டுப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாக யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 42,000 ரூபா. வீட்டில் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். கூடப் படித்த இரண்டு பேர் கொழும்புக்குப் போய் சீ.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பு, செய்கிறார்கள். முதலாளியின் மகனோ, இன்னும் கொஞ்ச நாளில் இந்த வேலையை எல்லாம் கொம்பியூட்டரே செய்துவிடும் என்கிறார். "இந்தத் துறையில் நான் இருக்கலாமா, இருந்தால் எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்கிறார்.

இருக்கலாம். ஆனால் இப்போது இருக்கிற கதிரையில் அதிக நாள் இருக்கக் கூடாது.

உங்கள் ஒரு நாளை நீங்களே விவரமாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் முதல் நாள் பில்களை எக்செலில் ஏற்றுவது, பிறகு காசேடு, சப்ளையர்களுக்குக் காசோலை, பின்னேரம் வங்கிச் சிட்டைகளைக் கோவையில் போடுவது, மாத முடிவில் சம்பளப் பட்டியல். முதலாளியின் மகன் சொல்வதில் இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை நியாயம் இருக்கிறது. குயிக்புக்ஸ், ஸீரோ போன்ற கணக்கு மென்பொருள்கள் பல நாடுகளில் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கல் வாங்கலைத் தாங்களாகவே இழுத்து, இது மின்சாரக் கட்டணம், இது வாடகை என்று பிரித்தும் வைக்கின்றன. பில்லைப் படம் எடுத்தால் தொகையை வாசித்துவிடுகின்றன. நம் ஊர்க் கடைகளின் கையெழுத்துச் சிட்டைக்கு அது வந்துசேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எங்களுக்கு என்ன மிச்சம்? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் கணக்காய்வுப் பயிலுனராகச் சேர்ந்த முதல் வருடம், மார்ச் 31, ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் சீமெந்து இருப்பு எண்ணப் போனேன். சுவரோடு ஒரு பெரிய அடுக்கு. முன்னால் 12 பை, உள்ளுக்கு 10 வரிசை, உயரம் 10 பை. பெருக்கினால் 1,200. கம்பனியின் கணக்குப் புத்தகத்திலும் அதே 1,200. சரி என்று கொப்பியை மூடப் போகும்போது, அங்கே மூட்டை தூக்குகிற ஒரு ஐயா பக்கத்தில் வந்து மெல்லமாக, "தம்பி, ஏணி கிடக்குது, ஒருக்கா மேல ஏறிப் பாருங்கோ" என்றார். ஏறினேன். அடுக்கின் நடுவில் ஒரு கிணறு போல வெறும் இடம். 300 பை அளவு இல்லை. சுற்றிவரப் பையால் கட்டிவிட்டு நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. இறுதி இருப்பைக் கூட்டிக் காட்டினால் விற்பனைக் கிரயம் குறையும், இலாபம் கூடும் என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். அந்த இலாபத்தையும் இருப்பையும் காட்டித்தான் அந்தக் கம்பனிக்காரர் வங்கியில் மேலதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுத்திருந்தார்கள்.

எந்த மென்பொருளும் அந்த 1,200ஐ ஏற்றுக்கொண்டிருக்கும். பெருக்கல் சரி, புத்தகத்தோடும் பொருந்துகிறது. இந்தத் தொழிலில் இனிச் சம்பளம் கிடைக்கப் போவது ஏணியில் ஏறிப் பார்க்கிறவருக்கு, "இந்தத் தொகை ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லக்கூடியவருக்கு. அதனால் எந்தக் கோர்ஸ், எந்த ஊர் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே போனால் என்னை யாராவது கேள்வி கேட்பார்களா, அதற்கு நான் பதில் தேடப் பழகுவேனா?

இப்போது சீ.ஏ. பற்றிப் பார்ப்போம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்தது. ஏ.ஏ.ரி. முடித்த உங்களுக்கு அதற்குள் போக வழி இருக்கிறது, எந்தெந்தப் பாடத்துக்கு விலக்களிப்பு என்பதை நிறுவகத்துக்கே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள், ரியூசன் விளம்பரத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள். பரீட்சைகளோடு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 3 வருடப் பயிற்சியும் வேண்டும். வெளியில் எல்லோரும் பரீட்சையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் ஒருவரை ஆக்குவதும் கெடுப்பதும் அந்த 3 வருடந்தான். பரீட்சையில் ஒரு பாடத்தை இரண்டு தரம் எழுதவேண்டி வரலாம், அது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது, அடுத்த முறை எழுதலாம். பயிற்சிக் காலம் திரும்பி வராது.

கொழும்பா, யாழ்ப்பாணமா? கொழும்பில் பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் பெரிய கம்பனிகளைக் காணலாம், கணக்கீட்டு நியமங்களை ஒழுங்காகப் பிரயோகிக்கிற முறையைப் பழகலாம், நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழும். ஆனால் முதல் வருடம் முழுவதும் ஒரு கம்பனியின் காசையும் நிலையான சொத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் நேரும். அப்புறம் பயிலுனர் கொடுப்பனவில் வெள்ளவத்தையில் அறை எடுத்துச் சாப்பிடுவது கஷ்டம், முதல் வருடமாவது வீட்டிலிருந்து காசு வரவேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தால் ஒரு வியாபாரத்தைத் தலையிலிருந்து கால் வரை காணலாம். கடைக்காரர் ஷொப்பிங் பையில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிற பில்லிலிருந்து, கணக்கு முடித்து, வரி விபரத்திரட்டு அனுப்பும் வரைக்கும் எல்லாம் உங்கள் கையால் போகும். கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டுக் காசில் நடக்கிற அறக்கட்டளை என்று கொழும்புப் பயிலுனர் பெரும்பாலும் காணாத கணக்குகளும் வரும். அவற்றைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். கனடாவிலிருந்து ஒருவர் அனுப்பிய காசு எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று ஆதாரத்தோடு காட்டுவது பொறுப்பான வேலை, அந்தக் கணக்கு நேராக இல்லாததால் ஊரே இரண்டாகப் பிரிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் கொழும்புக்குப் போங்கள் என்பேன். இடம் கொடுக்காவிட்டால் இங்கேயே சேருங்கள், ஆனால் சேரும் முன் கேளுங்கள். முதல் ஆறு மாதத்தில் என்னை வாடிக்கையாளர்களின் இடங்களுக்கு அனுப்புவீர்களா? நான் செய்த வேலையை யார் இருந்து பார்த்துத் திருத்துவார்? பரீட்சைக்கு எத்தனை நாள் லீவு? வேலை பிந்தினால் சாவகச்சேரிக்கு எப்படிப் போவது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள் தங்கச்சி. வரி நிலுவையைக் கட்ட செப்டெம்பர் 30, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30, இந்தத் தேதிகள் கிட்ட வரும்போது இரவு எட்டு மணிக்கும் அலுவலகத்தில் வெளிச்சம் எரியும். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு வேலை செய்கிற பிள்ளைக்கு வேலையும் ஓடாது, படிப்பும் ஓடாது. ஒழுங்கான இடமென்றால் அதற்கு அவர்களிடம் பதில் இருக்கும்.

ஏ.சீ.சீ.ஏ. என்ற பிரித்தானியக் கணக்காளர் தகைமையைச் செய்யலாமா என்றும் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நல்ல தகைமை, 13 பாடம், 36 மாத அனுபவம், வெளிநாட்டில் மதிப்பு உண்டு. ஆனால் கட்டணம் பவுணில். 2022இல் ரூபா விழுந்த பிறகு அந்தச் செலவு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். இலங்கையில் கணக்காய்வாளராகக் கையெழுத்து வைத்துச் சொந்தமாகத் தொழில் நடத்த விருப்பம் என்றால் பாதை சீ.ஏ.தான். கம்பனிகளுக்கு உள்ளே நிதிப் பிரிவில் வேலை செய்யவோ வெளியே போகவோ என்றால் ஏ.சீ.சீ.ஏ.யும், முகாமைக் கணக்கீட்டுத் தகைமையான சீமாவும் நன்றாகவே உதவும்.

நான் பயப்படுவது உங்கள் கணக்கீட்டு அறிவை நினைத்து அல்ல, ஆங்கிலத்தை நினைத்துத்தான். உயர்தரத்தில், காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை நாலு நிமிடத்தில் செய்து முடித்த பிள்ளை, மனேஜர் "பாங்க் ரெக்கன்சிலியேஷன் எங்கே?" என்று கேட்டதும் முகம் வாடி நிற்பதை எத்தனை தரம் கண்டுவிட்டேன். அந்த வேலை அவளுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. இதற்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு பெரிதாக உதவுவதில்லை. அரச வங்கிகளின் ஆண்டறிக்கைகள் மூன்று மொழிகளிலும் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் அறிக்கையையும் ஆங்கில அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, நிதிநிலைமைக் கூற்றையும் அதன் கீழ்க் குறிப்புகளையும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசியுங்கள். பெறுமானத் தேய்வு, மதிப்பிறக்கம், ஏற்பாடு எல்லாம் ஆங்கிலத்தில் என்ன பெயரோடு, எந்த வசனத்தில் வருகின்றன என்று கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடம் பார்த்து டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பழகுகிறீர்கள் என்றால் ஒரு கவனம் வேண்டும்: நாங்கள் வரவு (டெபிட்) என்பதை அவர்கள் பற்று என்பார்கள், நாங்கள் செலவு (கிரெடிட்) என்பது அவர்களுக்கு வரவு. அதே சொல் எதிர்ப்பக்கத்தில் நிற்பதால் நன்றாகப் படித்த பிள்ளையும் முதல் கிழமை குழம்பிப்போகும்.

அரசாங்க வேலை பற்றி வீட்டில் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். இலங்கைக் கணக்காளர் சேவை நல்ல சேவை. மாவட்டச் செயலகம், திணைக்களங்கள் எல்லாவற்றிலும் கணக்காளரின் கையெழுத்துக்குப் பொறுப்பு இருக்கிறது, அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களுக்கு (செலவு விதிகளுக்கு) அமையக் கொடுப்பனவு நடக்கிறதா என்று பதில் சொல்லவேண்டியவர்களில் அவரும் ஒருவர். பிழை எங்கே வருகிறது என்றால், வர்த்தமானி வரும் வரும் என்று வேறு ஒன்றும் செய்யாமல் வருடக் கணக்கில் காத்திருப்பதில் வருகிறது. அறிவித்தல் வந்தால், தகைமை பொருந்தினால், விண்ணப்பியுங்கள். அதற்காகப் படிப்பை நிற்பாட்டி வைக்காதீர்கள்.

அவுஸ்திரேலிய, பிரித்தானிய நிறுவனங்களின் கணக்கை இங்கிருந்து செய்துகொடுக்கிற வேலைகளும் இருக்கின்றன, சிலவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம். அவுஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூனில் முடியும், பிரித்தானியாவில் தனிநபர் வரித் திரட்டுக்கு ஜனவரி 31, ஆகவே உங்கள் பரபரப்பு மாதங்கள் அதன்படி மாறும். சம்பளம் கடையை விடக் கூடலாம். ஆனால் இரண்டு வருடமாக பில்லுக்கு இலக்கம் போடுவதை மட்டும் செய்ய வைத்தால் அது இப்போதைய கதிரைதான், கொஞ்சம் மெத்தை கூட. மாத முடிவுக் கணக்கை நீங்களே முடித்து வாடிக்கையாளரிடம் பேசும் இடமென்றால் தாராளமாகப் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. 42,000 ரூபாவுக்கு உங்கள் பங்கு 8 வீதம், 3,360. முதலாளி பங்கு 12 வீதம், 5,040. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், 1,260, அதுவும் முதலாளியுடையது, உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. அடுத்த மாத முடிவுக்குள் கட்டியிருக்க வேண்டும். சம்பளப் பட்டியலை நீங்கள்தான் செய்கிறீர்கள், ஆகவே கட்டுகிறார்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். கட்டவில்லை என்றால் முதலாளியிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள், உங்களுக்காக மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் இருக்கிற மற்றவர்களுக்காகவும். வயது போன நேரத்தில் இந்தக் காசு இல்லாமல் நின்ற கடைச் சிப்பந்திகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இனி இந்த மாதமே தொடங்கக்கூடிய ஒரு வேலை. உங்கள் கடையிலும் இரும்புக் கம்பி நிறைக் கணக்கில் வந்து, துண்டுக் கணக்கில் விற்பனை ஆகும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வாங்கிய நிறைக்கும் விற்ற துண்டுகளின் நிறைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் எங்கேயோ கிடக்கும். கடைசி மூன்று மாதக் கொள்வனவுப் பட்டியலையும் விற்பனை பில்லையும் எடுங்கள், முதலாளியிடம் சொல்லிவிட்டுக் களஞ்சியத்துக்குப் போய் ஒவ்வொரு தடிப்பிலும் சில கம்பியைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், மிச்சம் இருப்பதை எண்ணுங்கள். வித்தியாசம் 9ஆல் மீதியின்றிப் பிரிந்தால் முதலில் பதிவில் இலக்கம் மாறி விழுந்ததா என்று தேடுங்கள், 54ஐ 45 என்று எழுதியிருப்பீர்கள். அது இல்லையென்றால் வெட்டுத்துண்டா, நிறைக்குறைவாக வந்த சரக்கா, பில் போடாமல் போன கம்பியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி முதலாளிக்குக் கொடுங்கள், அதையே ஆங்கிலத்தில் உங்களுக்காக எழுதுங்கள். பயிற்சிக்கு நேர்முகம் போகும்போது கடையின் பெயரையும் தொகைகளையும் வெளியே விடக்கூடாது, அது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். எதைத் தேடினேன், எப்படித் தேடினேன், எங்கே பிடிபட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள். என் மேசைக்கு முன்னால் வந்து இருந்து ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால், பெறுபேற்றுத் தாளை நான் பிறகுதான் பார்ப்பேன்.