மக்கள்தொகையை மட்டும் வைத்து எம்.பி. தொகுதிகளைப் பகிர்வது நியாயமா?

ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்றால், மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளைப் பகிர்வதைத் தமிழ்நாடு ஏன் எதிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் வாழும் ஒரு வாக்காளனாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர். தமிழ்நாட்டில் பதினெட்டரை லட்சம் பேருக்கு ஒருவர். அங்குள்ளவர் தம் வாக்கின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சொன்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த இடைவெளி எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது மருத்துவமனைச் சுவரெங்கும் சிவப்பு முக்கோணமும், அதன் கீழே ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வரியும் இருக்கும். என் தாயார் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். அரசு சொன்னதைக் கேட்டு நடந்த அப்படிப்பட்ட இலட்சக்கணக்கான பெண்களின் மாநிலம், அதற்காகவே நாடாளுமன்றத்தில் சுருங்கக் கூடாது என்றுதான் 1976-இல் அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியான பகிர்வை மாற்றாமல் அப்படியே நிலைநிறுத்தியது. 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதற்கு முன்பே, 1967 தேர்தலில், நம் இடங்கள் 41-இலிருந்து 39 ஆகக் குறைந்திருந்தன. இப்போதுள்ள 543 இடங்களை 2011 மக்கள்தொகைப்படி பகிர்ந்தால், நான் கணக்கிட்டுப் பார்த்தவரை, நமக்கு 32 மிஞ்சும்.

இந்த எண்ணிக்கைக்காக ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்றால், அதிகாரம் டெல்லியில் குவியக் குவிய, அங்கே நமக்குள்ள ஒவ்வோர் இடமும் உயிர்நாடியாகிவிடுகிறது. தொகுதிகளைப் பாதுகாத்த அதே 42-ஆவது திருத்தம்தான் கல்வியையும் வனத்தையும், மாநிலம் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒன்றியமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வைத்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழ்பவர்களுக்கு வனம் என்பது விறகு, வழித்தடம், வீட்டுமனை எல்லாம் சேர்ந்தது. வரிப் பகிர்விலும் இதே கதைதான்: ஒன்றிய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைப்பது நிதிக்குழு; மாநிலங்களுக்கான தொகையில் பத்தாவது நிதிக்குழு நமக்குத் தந்த பங்கு 6.637 விழுக்காடு, பதினைந்தாவது தந்தது 4.079. ஒன்றிய அரசு வரியின் மேல் விதிக்கும் செஸ், கூடுதல் வரி ஆகியவை அந்தப் பகிர்வுக்குள் வருவதே இல்லை. முடிவெடுக்கும் உரிமை மாநிலத்திடமே இருந்திருந்தால், இடங்களுக்கான இந்தப் போட்டி இத்தனை கடுமையாக இருந்திருக்காது.

எண்ணிக்கையைப் போலவே எல்லைக்கோடும் முக்கியம், அதை நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளும் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறையால் நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன: ஆறு சேலத்தில், மேட்டூர் தர்மபுரியில், சங்ககிரி நாமக்கல்லில், ஆத்தூர், கெங்கவல்லியோடு ஏற்காடு கள்ளக்குறிச்சியில். எங்கள் ஆட்சியர் அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டுமானால், ஒண்டிக்கடையில் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்து, அங்கிருந்து வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் தாண்டிப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே, ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்களவையில் அப்படி ஒன்றுகூட இல்லை. டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தை மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்கள் சென்னையிடமும் கேட்கலாம்.

ஆகவே என் நிலைப்பாடு இது: மொத்த இடங்களைக் கூட்டினாலும் மாநிலங்களின் இன்றைய விகிதம் மாறக் கூடாது. மாநிலங்களவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் வேண்டும்; இன்று அங்கே நமக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31. கல்வியும் வனமும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

மறுவரையறை ஆணையத்தின் இறுதி ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 329-ஆவது பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை என்பதால், வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும் கட்டம்தான் மக்களுக்கு உள்ள முக்கிய வாய்ப்பு. அடுத்த முறை அந்த வரைவு வரும்போது, மலைக் கிராமங்களிலிருந்து கையெழுத்திட்ட மனு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.