மருத்துவர் பதில்: காதுக்குக் கீழே கட்டி, அறுவை சிகிச்சையால் வாய் கோணுமா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறேன். இடது காதுக்குக் கீழே மூன்று ஆண்டுகளாக உள்ள கட்டி, ஊசிப் பரிசோதனையில் ‘ப்ளியோமார்ஃபிக் அடினோமா’ எனத் தெரிந்துள்ளது. அறுவை சிகிச்சை செய்தால் வாய் கோணிவிடும் என்கிறார்கள். பாதிப்பைக் குறைக்க வழி உண்டா?

பதில்: நெற்றியைச் சுருக்கவும் கண்ணை மூடவும் உதட்டை அசைக்கவும் உதவும் முக நரம்பு, உங்கள் கட்டி உள்ள பரோட்டிட் எனப்படும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது என்பதால், உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இது புற்றுநோய்க் கட்டி அல்ல என்றாலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறக்கூடும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் மீண்டும் வரலாம் என்பதால், அதைச் சுற்றியுள்ள சுரப்பித் திசுவையும் சேர்த்தே அகற்றுவார்கள். மறுமுறை அறுக்க நேர்ந்தால், தழும்புக்குள் சிக்கிய நரம்பைக் காப்பது மிகக் கடினம். ஆகவே முதல் அறுவை சிகிச்சையே முறையாக அமைய வேண்டும். இதில் அனுபவமுள்ளவரைத் தேர்ந்தெடுத்து, நரம்பைக் கண்காணிக்கும் கருவி பயன்படுத்தப்படுமா என்றும் கேளுங்கள்.

சர்க்கரையை இப்போதே கட்டுக்குள் கொண்டுவந்தால் புண் ஆறுவதும் எளிதாகும், கிருமித் தொற்றும் குறையும். சர்க்கரை மாத்திரைகளையோ ஆஸ்பிரின் போன்றவற்றையோ நீங்களாக நிறுத்தாமல், எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நரம்பு அறுபடாவிட்டாலும், இழுபட்டதால் சில வாரங்களோ மாதங்களோ முகம் தளர்ந்திருக்கலாம். பெரும்பாலும் இது சரியாகிவிடும். இக்காலத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது கண் பாதுகாப்பைத்தான். வாய்க்கோணலைக் கண்ணாடியில் பார்த்து வருந்துபவர்கள்கூட, இமை முழுதாக மூடாததைக் கவனிப்பதில்லை. விழி உலர்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வையே பாதிக்கப்படும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் கண் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி ஒட்டும் மருத்துவ நாடா ஆகிய மூன்றையும் தளர்ச்சி தீரும்வரை விடாதீர்கள்.

முதல் நாளில் தையலுக்கடியில் திடீரென வீங்கி இறுக்கமாக வலித்தால், இரத்தக் கசிவாக இருக்கலாம். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். பின்னர், சாப்பிடும்போது அந்த இடம் வீங்கினாலோ தெளிந்த நீர் கசிந்தாலோ அது உமிழ்நீர். நீரை ஊசியால் உறிஞ்சி, அழுத்திக் கட்டுப்போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை உமிழ்நீரைத் தூண்டும் புளிப்பையும் காரத்தையும் தவிர்க்கலாம். காது மடல் மரத்துப்போவது சாதாரணம். சவரம் செய்யும்போது வெட்டிக்கொள்ளாமல் கவனியுங்கள்.

சில மாதங்கள் கழித்து, உண்ணும் நேரத்தில் அந்தக் கன்னத்தில் மட்டும் வியர்த்தால் பயப்பட வேண்டாம். உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் நரம்பு இழைகள் வளரும்போது வியர்வைச் சுரப்பிகளோடு தவறாக இணைவதால் வரும் இதற்கு ‘ஃப்ரே நோய்க்குறி’ என்று பெயர். தொந்தரவாக இருந்தால், நரம்புத் தூண்டலைத் தற்காலிகமாகத் தடுக்கும் போட்டுலினம் ஊசி பல மாதங்களுக்கு நிவாரணம் தரும்.