ஒன்றரை ஷிப்டும் ஜெர்மன் லேபிளும்: நேராகக் கடிதம் போடலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட் முடியும். அப்புறமும் ஒன்பதரை வரை நிறுத்தி, ஒன்றரை ஷிப்ட் சம்பளம் தருகிறார்கள். வேலை நிலைமை எப்படி என்று சரிபார்க்க ஆடிட் வரும் நாளில் மட்டும் ஐந்தரைக்கே அனுப்பிவிடுவார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடக்கும். சரக்கு ஜெர்மனியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகிறது. அவர்களுக்கே எழுதலாமா? ஆர்டரை நிறுத்திவிட்டால் முந்நூறு பேர் பிழைப்பு என்னால் போய்விடுமே?
- ஒரு வாசகி

பதில்: முதலில் கூலிக் கணக்கைப் பார்ப்போம். ஷிப்ட் நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டமும் அதைத்தான் சொன்னது, இப்போதைய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அதைத்தான் சொல்கின்றன. அரை ஷிப்ட் கூடுதலாக நின்றால் ஒரு முழு ஷிப்ட் கூலி வர வேண்டும். உங்கள் கைக்கு வருவது ஒன்றரை, வர வேண்டியது இரண்டு. சனிக்கிழமைதோறும் இந்த வித்தியாசம் யார் பையில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் அது வழக்கம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஜெர்மன் கம்பெனிக்கு எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். 2023 ஜனவரி முதல் அங்கே சப்ளை செயின் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. முதலில் 3,000 ஊழியர்களாவது வைத்திருந்த நிறுவனங்களுக்கு வந்தது. 2024 முதல் ஜெர்மனியில் 1,000 பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. தங்களுக்குச் சரக்கு தருகிற இடத்தில் தொழிலாளர் உரிமை எப்படி இருக்கிறது என்று அந்த நிறுவனம் கவனித்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் புகார் தர ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டும், புகார் தந்தவர் பெயரை வெளியே விடக் கூடாது.

முந்நூறு பேர் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பிரச்சினை வந்ததும் ஆர்டரை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய், ‘நாங்கள் நல்லவர்கள்’ என்று அறிக்கை விடுவது பல பெரிய கம்பெனிகளின் பழைய பழக்கம். ஆனால் அந்த ஜெர்மன் சட்டமே, உறவை முறிப்பது கடைசி வழி என்கிறது. மற்ற எல்லா முயற்சியும் தோற்ற பிறகுதான் அது. அதனால் கடிதத்தின் முதல் வரியிலேயே, ‘ஆர்டரை நிறுத்த வேண்டாம், குறையைச் சரிசெய்யுங்கள்’ என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகும் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2022இல் திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு சங்கம் போராடி, எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் என்ற மூன்று வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. அது கூலிப் பிரச்சினை அல்ல. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான ஒப்பந்தம். அதற்கு முந்தைய ஆண்டு ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகுதான் அதுவும் வந்தது. உயிர் போனால்தான் இந்த முறைக்கே காது கேட்கிறது.

இப்போது முக்கியமான சிக்கல். நீங்கள் வேலை பார்ப்பது ஆர்டர் வாங்கிய கம்பெனியிலா, அவர்களிடம் வேலையை வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டிலா? சம்பளச் சீட்டில் ஒரு பெயரும் பேக்கிங் அட்டைப்பெட்டியில் வேறு பெயரும் இருந்தால் அநேகமாக ஜாப் ஒர்க்தான். நேரடி சப்ளையர் என்றால் ஜெர்மன் கம்பெனிக்கு முழுப் பொறுப்பு உண்டு. ஒரு படி தள்ளியிருந்தால், பிரச்சினை இருப்பதாக உருப்படியான தகவல் கிடைத்தால்தான் அவர்கள் அசைய வேண்டும். உங்கள் யூனிட் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘அனுமதியில்லாமல் வெளியே கொடுத்துவிட்டார்கள்’ என்று கையை உதறவும் பார்ப்பார்கள். அந்த உருப்படியான தகவல் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். லேபிளில் இருக்கும் பெயர், ஸ்டைல் எண், பெட்டியில் அச்சிட்ட பி.ஓ. எண் (அதாவது ஆர்டர் எண்), எந்தத் தேதியில் அந்த ரகத்தைச் செக்கிங் செய்தீர்கள் என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உள்ளே செல்போனில் படம் எடுக்காதீர்கள். அதையே சாக்காக வைத்து வெளியே அனுப்புவார்கள். போன நேரம், வந்த நேரம், வாங்கிய காசு இவற்றைத் தினமும் குறித்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. ‘ரொம்பக் கஷ்டப்படுகிறோம்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆடிட்காரரை நம்பி மட்டும் இருக்காதீர்கள். பெரும்பாலும் அந்த ஆடிட்டுக்குக் காசு கட்டுவதே உங்கள் முதலாளிதான். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஏ 8000 என்ற உலகத் தரச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அந்த ஆலையில் துணி வாங்கிய ஜெர்மன் கம்பெனி மேல், ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரம் வரை வழக்கு போனது. 2019இல், காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி செய்தார்கள். நான் தேதிகளைத் துரத்துவதும், தாமதிக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

எனக்கு இவர்களையெல்லாம் விடக் கோபம் இடைத்தரகர்கள் மேல்தான். இரட்டைப் பதிவேடு தயாரித்துக் கொடுத்து, என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குப் பாடம் எடுப்பவர் ஒரு ரகம். ‘ஃபாரின் கம்பெனியில் எனக்கு ஆள் தெரியும், வருவதில் பாதி எனக்கு’ என்று வருபவர் இன்னொரு ரகம். என்னிடம் வந்த ஒரு பெண், அப்படி ஒருவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். கடைசியில் அது, ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனி கோரிக்கை இல்லை’ என்று முதலாளி மேசைக்குப் போயிருந்தது. அதை உடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. புகார் தர ஒரு பைசா செலவு கிடையாது. காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உள்ளூரிலும் ஒரு மனு போட வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள், அங்கே வேறு வார்த்தை பழக்கமில்லை. தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீதின் நகலை ஜெர்மன் கடிதத்தோடு சேர்த்தால், இது அநாமதேயப் புரளி என்று ஒதுக்க முடியாது.

தனியாகப் போகாதீர்கள். பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ‘மூன்றாவது லைன், செக்கிங் டேபிள், எட்டு வருடம்’ என்று நீங்களே எழுதினால் சூப்பர்வைசருக்கு ஆள் யார் என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு தொழிற்சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள். கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். இங்கிருந்து துணி வாங்கத் தெரிந்தவர்கள் மொழிபெயர்க்கவும் ஆள் வைத்துக்கொள்வார்கள்.