வீடியோ கேமைத் திரைக்கதையாக்கும் பணி: மகளின் விருப்பம் குறித்து ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் தங்கள் மகள், வீடியோ கேம்களைத் திரைப்படங்களாகவும் தொடர்களாகவும் மாற்றி எழுதும் பணியையே தம் எதிர்காலமாகக் கொள்ள விரும்புகிறார் என்றும், அது உண்மையிலேயே ஒரு தொழில்தானா அல்லது விளையாட்டு மோகத்துக்கு அவர் சூட்டியிருக்கும் மரியாதையான பெயரா என்பது தங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது தொழில்தான். ஆனால் அந்தப் பெயரில் தனியாக ஒரு பதவி இருப்பது அரிது. திரைக்கதை எழுத்தாளர், கேம் நிறுவனத்தின் கதையமைப்பாளர், ஸ்டோரிபோர்டு ஓவியர் (படமெடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுபவர்), தயாரிப்பு நிறுவனத்தில் கதைகளைத் தேர்ந்து வளர்க்கும் பிரிவினர் ஆகியோர் தத்தம் பணியின் ஒரு பகுதியாக இதைச் செய்கிறார்கள். ஆகவே எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன்பு, இந்த வேலையில் கடினமாக இருப்பது எது, அந்தக் கடினத்தில் தமக்கு ஈடுபாடு உண்டா என்று தங்கள் மகள் பார்த்துக்கொள்வது நல்லது.

தங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1993-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமை நடிகர்களைக் கொண்டு படமாக்கியபோது, போட்ட பணமே திரும்பவில்லை. 2001-இல் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி படத்தைத் தங்கள் மகள் கூர்ந்து பார்க்க வேண்டும். மனித உருவங்களைக் கணினியில் தத்ரூபமாக வடிப்பதற்காகச் சுமார் 13.7 கோடி டாலர் செலவிடப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 8.5 கோடி டாலரே ஈட்டியது. அதை உருவாக்கிய ஸ்கொயர் பிக்சர்ஸ் என்ற படப்பிரிவு பின்னர் மூடப்பட்டது. இதை இயக்கியவர் கேமைப் பற்றி ஒன்றும் அறியாத வெளியாள் அல்லர். அந்தக் கேம் வரிசையையே தோற்றுவித்த ஹிரோனோபு சகாகுச்சி. ஒரு கேமை உள்ளும் புறமும் அறிந்திருப்பது அதைத் திரைக்குக் கொண்டுவரும் தகுதியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே சமயம், காலம் மாறியிருக்கிறது என்பதையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். அதே மாரியோ 2023-இல் அனிமேஷன் படமாக வந்து சுமார் 136 கோடி டாலர் ஈட்டியது. அதே ஆண்டில் தி லாஸ்ட் ஆஃப் அஸ், 2024-இல் ஃபால்அவுட் ஆகிய தொடர்கள், கேம் விளையாடும் வழக்கமே இல்லாத பார்வையாளர்களையும் சென்றடைந்தன. கேம் நிறுவனங்களும் படநிறுவனங்களும் இப்போது இத்தகைய எழுத்தாளர்களைத் தேடுகின்றன. ஆனால் 2024-இல் வந்த பார்டர்லேண்ட்ஸ் என்ற கேம் தழுவல் படம் படுதோல்வி அடைந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், வெற்றிப் பட்டியலை மட்டும் காட்டி ஒரு பிள்ளையை ஒரு துறைக்கு அனுப்புவது ஆலோசகரின் வேலையாகாது என்பதால்.

இனி, கடினம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கேமில் கதையை முன்னகர்த்துவது விளையாடுபவரின் கை. கதவைத் திறந்தவரும், தவறான வழியில் சென்று சிக்கியவரும், அதே எதிரியிடம் பலமுறை தோற்று, கை பழகி, கடைசியில் வென்றவரும் அவரே. அந்த வெற்றியில் அவர் அடையும் நிறைவு, எழுதப்பட்ட வசனத்திலிருந்து வருவதில்லை. அவர் செலவிட்ட உழைப்பிலிருந்து வருகிறது. திரையரங்கில் அமர்ந்திருப்பவர் அந்த உழைப்பைச் செலவிடவில்லை. எனவே அதே சண்டையை, அதே இடத்தில், அதே உடையில் அப்படியே எடுத்துக் காட்டினாலும் அவருக்கு அது யாரோ ஒருவர் விளையாடுவதை அருகில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் இருக்கும். 2005-இல் வந்த டூம் படத்தில் சுமார் 5 நிமிடக் காட்சி முழுவதும் நாயகனின் கண்வழியாக, துப்பாக்கி முன்னே நீண்டிருக்க, கேமைப் போலவே படமாக்கப்பட்டது. கேமின் கோணம் கிடைத்தது. கட்டுப்பாடு மட்டும் பார்ப்பவர் கைக்கு வரவில்லை. மரணத்திலும் இதே சிக்கல் உண்டு. கேமில் நாயகன் இறந்தால் சற்றுமுன் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். திரையில் ஒருவர் இறந்தால் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு காட்சியும் அந்த இழப்பைச் சுமந்தாக வேண்டும்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேலோ கேமின் நாயகனான மாஸ்டர் சீஃப்பின் முகத்தைத் தலைக்கவசம் எப்போதும் மறைத்திருக்கும். உள்ளே இருப்பது தானே என்று விளையாடுபவர் எண்ணிக்கொள்வதற்கு அந்த மறைவு துணைசெய்கிறது. 2022-இல் அது தொடராக வந்தபோது முதல் அத்தியாயத்திலேயே கவசம் கழற்றப்பட்டது. பழைய ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். அவர்களின் சினம் நியாயமே என்றாலும், பல மணிநேரம் ஒரு மனிதரின் மனப்போராட்டத்தைப் பின்தொடர வேண்டிய பார்வையாளருக்கு முகம் வேண்டும் என்ற எழுத்தாளர்களின் தேவையும் நியாயமானதுதான். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் நோயைப் பரப்பும். ஆகவே கதைமாந்தர்கள் அடிக்கடி முகமூடி அணிவார்கள். முதல் பருவத் தொடரில் வித்துகளை நீக்கிவிட்டுத் தரையடியில் படர்ந்து பரவும் பூஞ்சை இழைகளை வைத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, நடிகர்களின் முகம் மறையக்கூடாது என்பது. நோய் பரவும் விதத்தையே மாற்றுவது சிறிய முடிவன்று. இத்தகைய முடிவுகளை எடுத்து, அவற்றுக்குக் காரணமும் சொல்லத் தெரிந்தவரைத்தான் இந்தத் துறை எழுத்தாளராக ஏற்கும்.

அந்தத் தொடரின் மூன்றாவது அத்தியாயத்தைத் தங்கள் மகள் கட்டாயம் கேமோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். கேமில் பில் என்பவர் பொறிகள் நிறைந்த ஓர் ஊரில் தனித்து வாழும் சிடுசிடுப்பான மனிதர். விளையாடுபவர் அந்த ஊரின் பொறிகளையும் தாக்கவரும் நோயுற்றவர்களையும் கடந்து போவதே அங்கு முக்கியம். பில்லின் துணைவரான ஃபிராங்க், இறந்துகிடக்கும் உடலாகவும் கசப்பான ஒரு கடிதமாகவும் மட்டுமே வருகிறார். தொடரை எழுதிய கிரெய்க் மேசின், அந்தச் சண்டைகளை ஏறக்குறைய முற்றாக விட்டுவிட்டு, இருவரும் சந்தித்ததிலிருந்து முதுமை வரை நீளும் அன்பின் கதையை ஒரே அத்தியாயத்தில் சொன்னார். கேமை எழுதி இயக்கிய நீல் டிரக்மன் அதே தொடரை அவருடன் சேர்ந்து உருவாக்கியவர். தாம் வடித்த பகுதி இவ்வளவு மாறுவதற்கு அவர் இணங்கினார். சண்டைகள் எதற்குப் பயன்பட்டன? தனித்து உயிர்வாழ்வது எத்தனை கடினம் என்பதை விளையாடுபவரின் கைக்கு உணர்த்தின. அதே உண்மையைக் கண்ணுக்கு உணர்த்த வேறு வழி தேவைப்பட்டது.

என் அனுபவத்தில், கேம் மீது காதல் கொண்ட மாணவர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமக்குப் பிடித்த ஒவ்வொரு விவரமும் திரையில் வர வேண்டும் என்று எழுதுகிறார்கள். 2016-இல் வெளியான வார்கிராஃப்ட் என்ற கேம் தழுவல் படம் உலகளவில் சுமார் 43.9 கோடி டாலர் ஈட்டியும் அமெரிக்காவில் 5 கோடியைக்கூட எட்டவில்லை; வசூலின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது. புதிதாக வருபவரிடம் எண்ணற்ற பெயர்களையும் குலங்களையும் நாடுகளையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தது அந்தப் படத்தின் குறை என்பது என் கணிப்பு. ஃபால்அவுட் தொடரினர் மாறாக, குறிப்பிட்ட எந்த ஒரு கேமின் கதையையும் எடுக்காமல், அந்த உலகத்தின் விதிகளை வைத்துக்கொண்டு புதிய மாந்தர்களையும் புதிய கதையையும் படைத்தார்கள். தொடக்க எழுத்தாளருக்கு இந்த இரண்டாவது வழி பாதுகாப்பானது என்று நினைக்கிறேன்.

ரசிகர்களின் அழுத்தமும் எளிதானதல்ல. 2019 ஏப்ரலில் சோனிக் என்ற கேமின் தழுவல் படத்தின் முன்னோட்டம் வந்தபோது, நாயகப் பாத்திரத்தின் உருவத்தைப் பார்த்துக் கிளம்பிய எதிர்ப்பில் உருவம் முழுவதும் மாற்றி அமைக்கப்பட்டது. வெளியீடு அந்த ஆண்டு நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படம் வென்றது. ஆனால் முடிந்த வேலையை மீண்டும் செய்யும் சுமை அனிமேஷன் பணியாளர்கள் தலையில்தான் விழும் என்பதை இத்துறைக்கு வர விரும்புபவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

வருமானத்தைப் பற்றித் தாங்கள் கேட்டது மிகவும் பொருத்தமான கேள்வி. இங்கே வேலை திட்டம் திட்டமாகவே வருகிறது. மாதச் சம்பளமாக வருவது குறைவு. அன்சார்டட் என்ற கேமைப் படமாக்கும் முயற்சி 2008-இலேயே தொடங்கியது. இயக்குநர்கள் ஒருவர்பின் ஒருவராக விலக, படம் 2022-இல்தான் வெளியானது. இடையில் திரைக்கதைகளை எழுதிய பலரின் பக்கங்கள் திரையைக் காணவேயில்லை. 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் மே முதல் செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கு வரம்பு வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. எனவே, தொடக்க ஆண்டுகளில் நிலையான ஊதியம் தரும் இன்னொரு திறன் கையில் இருப்பது அவசியம். படத்தொகுப்பு, ஸ்டோரிபோர்டு வரைதல், கேம் நிறுவனங்களில் கதைப்பாதைகளை அமைத்தல் ஆகிய மூன்றில் ஒன்றையாவது அவர் தேர்ந்துகொள்ளட்டும். அன்ரியல் போன்ற கேம் எஞ்சின்கள், அதாவது கேம்களை உருவாக்கப் பயன்படும் மென்பொருள்கள், இன்று படப்பிடிப்புத் தளங்களிலும் பயன்படுகின்றன; அவற்றைக் கற்றால் கேம், படம் ஆகிய இரு துறைகளிலும் வேலை தேடலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, கேமுக்கு என்றே தொடங்கப்பட்ட குறுகிய பட்டப்படிப்பில் முதல் மூன்று ஆண்டுகளைச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இலக்கியம், காட்சித் தகவலியல், திரைக்கலை ஆகியவற்றில் ஒன்றைப் பரந்த அடித்தளமாகக் கொண்டு, கேம் வடிவமைப்பைத் துணைப்பாடமாகவோ பின்னர் மேற்படிப்பாகவோ எடுத்துக்கொள்ளலாம். சேரும் முன், அங்கே மாணவர் எழுதிய திரைக்கதையை ஆசிரியர் வரிவரியாகத் திருத்தித் தருகிறாரா, மாணவர்கள் எழுதியவை படமாக எடுக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். கட்டடத்தின் அழகையும் கணினிகளின் எண்ணிக்கையையும் அப்புறம் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு கேமின் கதையையும் மாந்தர்களையும் படமாக்கும் உரிமை, உரிமையாளரான நிறுவனத்திடம் இருக்கிறது. பயிற்சிக்காக எழுதலாம், விற்க முடியாது. ஆகவே தங்கள் மகளின் போர்ட்ஃபோலியோவில், அதாவது தம் திறமையைக் காட்டும் படைப்புத் தொகுப்பில், தழுவல் ஒன்றிருந்தால், முற்றிலும் சொந்தமான திரைக்கதைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

விண்ணப்பங்களுக்கு இன்னும் காலம் இருப்பதால், ஒரு பயிற்சியைக் கொடுக்கிறேன். தாம் நன்கு விளையாடிய ஒரு கேமிலிருந்து, வசனக் காட்சி எதுவும் இல்லாத, கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் போரிடுவதும் மட்டுமேயான ஒரு மணிநேரப் பகுதியைத் தங்கள் மகள் எடுத்துக்கொள்ளட்டும். அதை மூன்று பக்கத் திரைக்கதைக் காட்சியாக எழுதி, அந்தக் கேமைத் தொட்டுப் பார்த்திராத தங்களிடம் கொடுக்கட்டும். தாங்கள் பாராட்டவும் வேண்டாம், குறைகூறவும் வேண்டாம். இந்தக் காட்சியில் வருபவருக்கு என்ன வேண்டும், அதை அடையவிடாமல் தடுப்பது எது என்ற இரண்டையும் மட்டும் கேளுங்கள். கேமை விளையாடினால்தான் புரியும் என்று அவர் விளக்கத் தொடங்கினால், பக்கங்களைத் திருப்பித் தந்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள். விளக்கம் இல்லாமலேயே தங்களுக்குப் புரிந்த நாளில் அந்தப் பக்கங்களையும், அவற்றுக்கு முன் கிழிந்த வரைவுகளையும் எனக்கு அனுப்பிவையுங்கள். எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பதை அவற்றைப் பார்த்தபின் மூவரும் சேர்ந்து முடிவுசெய்யலாம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்