லேசான அணுக்கருக்களில் நியூட்ரான், புரோட்டான் சிதறல்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஹீலியம்-4 மேல் நியூட்ரான் சிதறலுக்கு கோனிங்-டெலரோஷ் பொட்டென்ஷியலை (கரு நியூட்ரான்மேல் செலுத்தும் விசைக்கான பொதுச் சூத்திரம்) போட்டேன். 1 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் பக்கம் சோதனையில் தெரிகிற பெரிய மேடு வரவே இல்லையே?

பதில்: வராது தம்பி. 2003-இல் வந்த அந்தப் பொட்டென்ஷியல் நிறை எண் 24 முதல் 209 வரைக்கும்தான். கனமான கருவில் நெருக்கமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான நிலைகளைச் சராசரியாக்கித்தான் அதன் அடிப்படையான ஆப்டிகல் மாடலே (கரு முழுவதையும் ஒரே சராசரி விசையாகப் பார்க்கும் முறை) நிற்கிறது, ஹீலியத்தில் சராசரி எடுக்க என்ன இருக்கிறது? நீங்கள் சொல்லும் மேடு ஹீலியம்-5-இன் 3/2 ஒத்திசைவு (3/2 என்பது மொத்தக் கோண உந்தம்), ஒரே ஒரு நிலை. தனித்தனி ஒத்திசைவுகளைத் தரவோடு பொருத்தும் ஆர்-மேட்ரிக்ஸ் முறையில் பொருத்துங்கள், இல்லை ஐந்து துகள்களையும் வைத்து முழுக்கணக்கு போடுங்கள்.

கேள்வி: லித்தியம்-6-க்கு அதே பொட்டென்ஷியல் சரியா?

பதில்: இல்லை. காரணம் மேலே.

கேள்வி: ஹீலியம்-3 டிடெக்டர் எது வாங்கலாம்?

பதில்: வெப்ப நியூட்ரானுக்கு அதன் குறுக்குவெட்டு சுமார் 5330 பார்ன் (குறுக்குவெட்டின் அலகு), அது வரைக்கும் என் பக்கம். கருவி வாங்குவதை ஆய்வகத்தில் டிடெக்டரோடு புழங்குகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹீலியம்-4-இல் எஸ் அலையின் (கோண உந்தம் பூஜ்யமான அலை) ஃபேஸ் ஷிஃப்ட், அதாவது சிதறலில் அலை நகரும் கோணம், எதிர்மறையாக இறங்குகிறது. அப்படியானால் விசை விலக்குவிசைதானே?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பேசலாம். ஆல்பாவில், அதாவது ஹீலியம்-4 கருவில், இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான், நான்குமாகச் சேர்ந்து 0எஸ் கூட்டை, அதாவது மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையை, நிரப்பிவிட்டன. வருகிற நியூட்ரானுக்கு அங்கே இடமில்லை, பவுலி விடமாட்டார் (ஒரே மாதிரியான இரண்டு துகள் ஒரே நிலையில் இருக்கக்கூடாது என்பது அவர் விதி). அதனால் அதன் அலை உள்ளே ஒரு முறை பூஜ்யத்தைத் தாண்டித்தான் வெளியே வரும். வெளியிலிருந்து பார்த்தால் இது விலக்குவிசை மாதிரியே தெரியும். நான் ஆழமான கவர்ச்சிக் கிணறு ஒன்றை எடுத்து, அதில் கட்டுண்டிருக்கும் தடைசெய்யப்பட்ட நிலையை ஒதுக்கிவிடுவேன். ஃபேஸ் ஷிஃப்ட் 180 டிகிரியில் தொடங்கி இறங்கும், 0-இல் தொடங்கி எதிர்மறைக்குப் போவதும் அதுவும் ஒன்றுதான்.

கேள்வி: விலக்கும் பொட்டென்ஷியலும் அதே தரவைத் தருகிறதே, பிறகு எதற்கு இந்தக் கிணறு?

பதில்: நியூட்ரான்-ஆல்பா மீள்சிதறலை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஒன்றை மற்றொன்றாக மாற்ற டேனியல் பே 1987-இலேயே வழி காட்டிவிட்டார். ஆனால் உள்ளே அலைச்சார்பு வேறு. அதே இரண்டையும் ஹீலியம்-6-க்கு, அதாவது ஆல்பாவும் இரண்டு நியூட்ரானுமாகக் கொண்டுபோனால் பிணைப்பாற்றல் ஒன்றாக வராது.

கேள்வி: அப்படியென்றால் எது சரி என்பது வெறும் ரசனைதானா?

பதில்: ரசனை இல்லை. ஐந்து நியூக்ளியானையும் பவுலி விதிப்படி முறையாக எதிர்ச்சீராக்கிப் போடும் நுண்கணக்கில் அந்தக் கணு, அதாவது அலை உள்ளே பூஜ்யத்தைத் தாண்டும் இடம், தானாகவே வருகிறது. கணுவை அழித்துவிட்டு ஃபிட் அழகாக இருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: கார்பன்-12-க்கு கோனிங்-டெலரோஷ்...?

பதில்: 12, 24-க்குக் கீழே. மூன்றாவது முறை சொல்கிறேன்.

கேள்வி: புரோட்டான் என்றால் என்ன மாறும்?

பதில்: கூலும் விசை, அதாவது மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவது. ஒத்திசைவு ஹீலியம்-5-இல் சுமார் 0.8 எம்இவி, லித்தியம்-5-இல் சுமார் 1.7. அணுவிசையை அப்படியே வைத்துக் கூலும் அலைகளோடு பொருத்துங்கள்.

கேள்வி: நியூட்ரான்-ஆல்பாவில் 10 எம்இவிக்கு பொட்டென்ஷியலில் ஒரு சிறிய கற்பனைப் பகுதி (நியூட்ரானை உறிஞ்சுகிற பகுதி) சேர்த்தால் ஃபிட் நன்றாகிறது. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மீள்சிதறலைத் தவிர முதலில் திறக்கிற வினை வழி டியூட்டீரியம்-டிரிட்டியமாகப் பிரிவது, அதற்கே நியூட்ரானுக்கு ஏறக்குறைய 22 எம்இவி வேண்டும். அதற்குக் கீழே உள்ளே போன நியூட்ரான் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும், நீங்கள் அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறீர்கள். கற்பனைப் பகுதியை எடுத்துவிட்டு ஸ்பின்-ஆர்பிட் பகுதியை (நியூட்ரானின் தற்சுழற்சியையும் சுற்றுதலையும் இணைக்கும் பகுதி) திருப்பிப் பாருங்கள், 3/2-உம் 1/2-உம் பிரிவது அங்கேதான்.